கொக்கு, நண்டு, தையல்காரப் பிக்கு: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏழு வயது மகளுக்கு இரவில், புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகள் படித்துக் காட்டுகிறேன். நேற்று கொக்கும் நண்டும். நண்டு கொக்கின் கழுத்தை வெட்டியதும், “நண்டு நல்லதா கெட்டதாப்பா?” என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. விருந்தாளிக்கு உணவாக முயல் தீயில் குதிக்கும் கதையைச் சொல்லவே பயமாக இருக்கிறது. அகிம்சை போதித்தவரின் கதைகளில் இத்தனை வன்முறை ஏன்? நல்ல நீதி உள்ள பத்துக் கதைகளைச் சொல்ல முடியுமா?

க.

அன்புள்ள க.,

பட்டியலெல்லாம் கிடையாது. பாலி மொழித் தொகுப்பில் 547 கதைகள் இருக்கின்றன, உட்கார்ந்து படியுங்கள். அகிம்சைக் கேள்வியையும் விட்டுவிடுகிறேன், கொக்கு மீன் தின்பதற்குப் புத்தர் பொறுப்பில்லை. உங்கள் மகள் கேட்டாளே, அதற்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்ச நாளாக நானும் அந்த நண்டோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் இருப்பது பாதிக் கதை. பாலியில் இது புத்தர் தங்கியிருந்த ஜேதவன மடத்தில் தொடங்குகிறது. பிக்குகள் உடுத்தும் சீவரம் தைப்பதில் கெட்டிக்காரரான ஒரு பிக்கு, கந்தல்களைச் சேர்த்துத் தைத்து, சாயம் போட்டு, கஞ்சி ஏற்றி, சங்கால் தேய்த்துப் பளபளப்பாக்கி, புதுத்துணியோடு வரும் பிக்குகளிடம் மாற்றிக்கொள்வார். துவைத்தால் பல்லிளித்துவிடும். கிராமத்தில் இதே தொழில் செய்த இன்னொரு பிக்கு இதைக் கேள்விப்பட்டு, அதேமாதிரி ஒன்றைத் தைத்து இவர் தலையிலேயே கட்டிவிட்டார். பிக்குகள் உட்கார்ந்து இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் புத்தர் கொக்குக் கதையைச் சொல்கிறார். கடைசியில் யார் யார் என்றும் சொல்கிறார்: கொக்கு இந்த ஜேதவனத்துப் பிக்கு, நண்டு அந்தக் கிராமத்துப் பிக்கு, மரத்தில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்த தேவதை நான்.

நண்டும் எத்தன்தான், பார்த்தீர்களா? உங்கள் மகளுக்கு வந்த சந்தேகம் கதைக்குள்ளேயே இருக்கிறது. அந்தத் தேவதை, வஞ்சகம் நெடுநாள் செல்லாது என்று ஒரு பாட்டும் பாடுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்டு உட்கார்ந்திருந்தவர்கள், நேற்றுவரை அந்த ஆளிடம் துணி ஏமாந்தவர்கள். நம் சிறுவர் பதிப்புகள் செய்வது என்ன? தலையையும் வாலையும் நறுக்கிவிட்டு, அடியில் “நீதி:” என்று ஒரு வரி. யாருக்கு, எதற்காகச் சொன்னது என்று தெரியாமல் ஒரு புத்திமதி! பெரியவர்கள் நாமே அப்படிப்பட்ட புத்திமதியைக் காதில் போட்டுக்கொள்வதில்லை, குழந்தை மட்டும் கேட்க வேண்டுமாம்.

ஒரு பள்ளியில் கதைப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஒரு சிறுமி சிங்கமும் மரங்கொத்தியும் கதையைச் சொன்னாள். தொண்டையில் எலும்பு சிக்கிய சிங்கத்தின் வாயில் முதலில் ஒரு குச்சியை நிறுத்திவிட்டுத்தான் பறவை உள்ளே போகும். பிறகொரு நாள் அது உதவி கேட்டால், என் பல்லிடுக்கில் புகுந்து உயிரோடு வந்தாயே, போதாதா என்கிறது சிங்கம். பறவை பறந்து போய்விடுகிறது. அவ்வளவுதான், கும்பிட்டாள். பக்கத்து நடுவர் விடவில்லை, “நீதி என்னம்மா?” குழந்தை யோசித்துவிட்டு, “குச்சி வைக்கணும்” என்றது. எல்லாரும் சிரித்தார்கள், மதிப்பெண்ணும் போயிற்று. நான் சண்டை போட்டும் பலனில்லை. நன்றி கெட்டவனுக்கு உதவாதே என்று அவள் சொல்லியிருந்தால் பரிசு கிடைத்திருக்கும்! உதவு, ஆனால் பல் இருப்பதை மறக்காதே என்று புரிந்துகொண்ட பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

அப்புறம், முயலை அவளிடம் ஒளிக்காதீர்கள். அந்த நெருப்பு சுடவேயில்லை, தேவர்களின் அரசன் சக்கன் வைத்த சோதனை அது. குதிப்பதற்கு முன்னால் முயல் மூன்று முறை உடம்பை உதறிக்கொள்கிறது, ரோமத்தில் இருக்கும் பூச்சிகள் தன்னோடு சேர்ந்து சாகக் கூடாதென்று. அந்த உதறலை விட்டுவிட்டு “தானமே சிறந்தது” என்று அச்சடித்திருக்கும் புத்தகம் உங்களுடையது என்றால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுங்கள்.