இருட்டில் விளக்கேற்றச் சொன்ன அட்மிரல்: மார்க் மிட்ஷர் பற்றிய கேள்வி பதில்

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படையின் விமானம் தாங்கிக் கப்பல்களைப் பசிபிக்கில் வழிநடத்திய மார்க் மிட்ஷர் (1887–1947) குறித்துப் பலரும் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: கடற்படைக் கல்லூரியிலிருந்து அவர் ஒருமுறை வெளியேற்றப்பட்டார் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். விஸ்கான்சினில் பிறந்து ஓக்லஹோமாவில் வளர்ந்த மிட்ஷர் 1904இல் அன்னாபொலிஸ் நகரிலுள்ள கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். ஒழுங்கு மீறல்களுக்கான குறைமதிப்பெண்கள் குவிந்துபோய், 1906இல் விலக நேர்ந்தது. தந்தையின் வற்புறுத்தலால் மறுபடியும் இடம் பெற்றாலும், படித்த ஈராண்டு கணக்கில் சேராமல் முதலாண்டிலிருந்தே தொடங்கி, 1910இல்தான் தேறினார்.

கேள்வி: அட்லாண்டிக்கைக் கடந்த முதல் விமானத்தில் அவர் இருந்தாரா?

பதில்: இல்லை. 1916இல் 33ஆம் எண் கடற்படை விமானியாகத் தகுதி பெற்றவர் அவர். 1919 மே மாதம் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து மூன்று பெரிய கடல்விமானங்கள் புறப்பட்டன. அவற்றுள் என்.சி-4 மட்டுமே லிஸ்பனை எட்டியது. மிட்ஷர் ஓட்டுநர்களில் ஒருவராக இருந்த என்.சி-1, அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே மூடுபனியில் வழி தெரியாமல் கடலில் இறங்கி, கொந்தளிப்பில் சிக்கி மீண்டும் எழும்ப முடியாமல் போனது. அயோனியா என்ற கிரேக்கக் கப்பல் வந்து மீட்கும்வரை அலைகளின்மேல் தத்தளித்த அந்த நேரத்தை அவர் மறந்திருக்கமாட்டார் என்பது என் கணிப்பு. பின்னாளில் அவர் செய்த பலவற்றை நான் இதனோடு சேர்த்தே படிக்கிறேன்.

கேள்வி: மிட்வே போரில் அவர்மீது குறை சொல்லப்படுவது ஏன்?

பதில்: நியாயமான குறைதான். 1942 ஏப்ரல் 18 அன்று ஹார்னெட் கப்பலின் தளத்திலிருந்து 16 பி-25 குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானைத் தாக்கப் புறப்பட்டபோது அக்கப்பலின் தலைவராக இருந்து புகழ்பெற்றவர் மிட்ஷர். ஏழு வாரத்தில் அதே கப்பல், பசிபிக்கின் மிட்வே தீவருகே ஜப்பானியக் கடற்படையுடன் நடந்த போரில் பெரிதும் சறுக்கியது. ஜூன் 4 காலையில் ஹார்னெட்டின் விமானங்களுள் பெரும்பாலானவை எதிரிக் கப்பல்களைக் காணாமலேயே திரும்பின. துணைக்குச் சென்ற பத்துப் போர் விமானங்களும் எரிபொருள் தீர்ந்து கடலில் விழுந்தன. டார்பிடோ அணியின் தலைவர் ஜான் வால்ட்ரன் மட்டும் கொடுக்கப்பட்ட திசை தவறென்று பிரிந்துபோய் எதிரியைக் கண்டுபிடித்தார். அவருடன் சென்ற 15 விமானங்களும் அழிந்தன. 30 பேரில் ஜார்ஜ் கே ஒருவரே பிழைத்தார். விமானங்கள் தென்மேற்கே சென்றதாக மிட்ஷரின் அறிக்கை கூறுகிறது. உயிர் தப்பியவர்கள் பலரோ ஏறத்தாழ நேர் மேற்கே பறந்ததாகச் சொன்னார்கள். அணித் தலைவர்கள் தனித்தனியே தர வேண்டிய அறிக்கைகளும் கிடைக்கவில்லை. தன் ஆட்களைக் காப்பாற்ற எண்ணினாரோ, தன்னைத்தானோ, அந்த அறிக்கையை அப்படியே நம்ப இயலாது.

கேள்வி: அவர் எப்போதும் கப்பலின் பின்புறத்தைப் பார்த்தபடியே உட்காருவாராமே?

பதில்: ஆம். கட்டளை மேடையில் சுழல் நாற்காலி, நீண்ட முன்விளிம்புள்ள தொப்பி, காதைத் தீட்டிக் கேட்க வேண்டிய மெல்லிய குரல். எதிர்காற்றை முகத்தில் வாங்குவது அவருக்குப் பிடிக்காது. தவிர, விமானங்கள் வந்து இறங்குவதும் பின்புறத்தில்தான்.

கேள்வி: 1944 ஜூன் 20 இரவில் விளக்குகளை ஏற்றச் சொன்னாரே, அதை விளக்க முடியுமா?

பதில்: முந்தைய நாள் மரியானா தீவுகளை ஒட்டி நடந்த வான்போரில் ஜப்பானியர் முந்நூறு விமானங்கள் அளவுக்கு இழந்திருந்தார்கள். ஆனால் அவர்களுடைய கப்பல்கள் கண்ணில் படவில்லை. மேற்கே விரைந்து சென்று தாக்கலாம் என்று, அப்போது விமானம் தாங்கிக் கப்பல் படையின் தலைவராக இருந்த மிட்ஷர் கேட்டதற்கு, மரியானாவின் சைப்பான் தீவில் அமெரிக்கப் படைகள் தரையிறங்குவதைக் காப்பதே முதல் கடமை என்று மேலதிகாரி ஸ்ப்ரூவன்ஸ் மறுத்துவிட்டார். மறுநாள் பிற்பகலில் எதிரி தென்பட்டபோது பொழுது சாயும் நேரம். 216 விமானங்கள் கிளம்பிய பிறகுதான், எதிரி முதலில் சொன்னதைவிட 60 மைல் தள்ளி இருப்பதாகத் திருத்தம் வந்தது. மிட்ஷர் சென்றவர்களைத் திருப்பி அழைக்கவில்லை. அடுத்த அணியை மட்டும் நிறுத்திவைத்தார்.

தாக்குதலில் ஹியோ என்ற விமானம் தாங்கிக் கப்பல் மூழ்கியது. திரும்பும்போது கும்மிருட்டு; இரவில் தளத்தில் இறங்கப் பலருக்குப் போதிய பயிற்சி இல்லை; எரிபொருள் அளவுமானியின் முள்ளோ சுழியத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நீர்மூழ்கிக் கப்பல்கள் உலவும் கடலில் ஒரு வெளிச்சக் கீற்றுகூடப் பகைவனுக்கு அழைப்புதான். அந்த நிலையில் கப்பல்களை ஒளிரச் செய்யுமாறு மிட்ஷர் ஆணையிட்டார். தேடுவிளக்குகள் வானை நோக்கித் தூணாக நின்றன; நாசகாரிக் கப்பல்கள் ஒளிக்குண்டுகளைச் சுட்டன; எந்தத் தளம் கிடைக்கிறதோ அதில் இறங்கலாம் என்ற அனுமதியும் தரப்பட்டது. (நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஜாக்கோ கிளார்க் தம் பிரிவுக் கப்பல்களில் அதற்கு முன்பே விளக்குகளைப் போட்டுவிட்டார்.) போரில் விழுந்த விமானங்கள் 20, கடலில் இறங்கியோ தளத்தில் மோதியோ அழிந்தவை சுமார் 80. எனினும் தேடி மீட்டதில் பெரும்பாலோர் பிழைத்தனர். இறந்தவர்கள் 49 பேர்.

கேள்வி: அப்படியானால் மீட்புப் பணி முன்கூட்டியே திட்டமிடப்பட்டதா?

பதில்: ஆம். தாக்குதல் நடக்கும் இடங்களுக்கு அருகே விமானிகளை மீட்பதற்காகவே நீர்மூழ்கிக் கப்பல்கள் காத்திருக்கும். 1944 ஏப்ரல் இறுதியில், ஜப்பானியத் தளமான ட்ரக் தீவருகே டாங் என்ற கப்பல் 22 பேரை மீட்டது. அவர்களுள் சிலர் ஒரு சிறிய மிதவை விமானத்தின் இறக்கைகளில் தொற்றிக்கொண்டு வந்தவர்கள்; அத்தனை பாரத்துடன் எழும்ப முடியாததால், அந்த விமானம் தண்ணீரிலேயே படகுபோல ஓடி அவர்களை டாங்கிடம் சேர்த்தது.

கேள்வி: கடற்படையின் தலைமைப் பதவியை அவர் ஏன் ஏற்கவில்லை?

பதில்: கடற்படைச் செயலாளர் ஃபாரஸ்டல் கேட்டும் மறுத்துவிட்டார், அப்பதவிக்கு நிமிட்ஸ் வந்தார். மேசைக்கும் மிட்ஷருக்கும் ஒத்துவராது என்பது ஒரு பக்கம். உடல்நிலை மற்றொரு பக்கம். 1945 மே 11 அன்று அவர் தங்கிக் கட்டளையிட்ட கொடிக்கப்பலான பங்கர் ஹில்லை இரண்டு தற்கொலை விமானங்கள் தாக்கியதில் ஏறத்தாழ 400 பேர் இறந்தனர். அவர்களுள் அவருடைய அலுவலர்களும் உண்டு. என்டர்பிரைஸ் என்ற மற்றொரு விமானம் தாங்கிக் கப்பலுக்கு மாறினார், மே 14இல் அதுவும் தாக்கப்பட்டது. மெலிந்துபோய், ஏணி ஏறவே பிறர் கைகொடுக்க வேண்டிய நிலையில்தான் போரை முடித்தார். 1946இல் எட்டாம் கடற்படைப் பிரிவையும், பின்னர் அட்லாண்டிக் கடற்படையையும் ஏற்றார்; அப்பொறுப்பில் இருக்கும்போதே 1947 பிப்ரவரி 3 அன்று நார்ஃபோக்கில், 60ஆம் வயதில் காலமானார்.