ரெபெக்காளையும் கேட்டார்கள்

கேள்வி: அக்கா, ஸ்தோத்திரம். நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள், வயது 27. அப்பாவுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். அந்தேரியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். எங்கள் சபை பாஸ்டர் அம்பர்நாத்தில் இருக்கும் ஒருவரைக் காட்டி, "இவர்தான் உனக்கு என்று கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார்" என்கிறார். அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு முறை பேசியும் மனம் ஒட்டவில்லை, அவ்வளவுதான். வேண்டாம் என்றதற்கு, முரட்டாட்டம் எவ்வளவு பெரிய பாவம் என்று வசனம் காட்டி, "சுயசித்தத்தை ஒப்புக்கொடு" என்கிறார். என் மனதை மாற்றும்படி மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். மாறவில்லை. நான் காலேஜ் படிக்க ஃபீஸ் கட்டியவர் பாஸ்டர் என்பதால் அப்பாவும் என்னோடு பேசுவதில்லை. தேவ அதிகாரத்தை எதிர்த்து நிற்கிறேனா?
- பெயர் வேண்டாம், மும்பை

பதில்: தங்கச்சி, உன் கடிதத்தை வாசித்ததும் பாஸ்டர் காட்டிய வசனத்தைத்தான் முதலில் தேடிப் பார்த்தேன். 1 சாமுவேல் 15:23 ஆகத்தான் இருக்க வேண்டும். நம் சபைகளில் பிள்ளைகளை, அதுவும் பெண்பிள்ளைகளை அடக்க வேண்டுமென்றால் கைக்கு முதலில் வருவது அதுதான். தீர்க்கதரிசி சாமுவேல் அதைச் சொன்னது எந்த வீட்டுப் பெண்ணிடமும் இல்லை, ராஜாவிடம். எல்லாவற்றையும் அழித்துவிடு என்று கர்த்தர் சொல்லியிருந்தும், எதிரிகளான அமலேக்கியரிடம் பிடித்ததில் நல்ல ஆடுமாடுகளை மட்டும் ஒதுக்கி வைத்துக்கொண்டு, "இதெல்லாம் கர்த்தருக்குப் பலியிடத்தான்" என்று பக்தியோடு சாக்குச் சொன்ன சவுலிடம். அதிகாரம் கையில் இருந்தவனுக்கு விழுந்த திட்டு அது.

அப்படியே அடுத்த வசனத்தையும் படி. ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டேன் என்று சவுல் தன் பாவத்தைச் சொல்கிறான். அப்பாவின் மௌனத்துக்கும் சபையின் பேச்சுக்கும் பயந்து நாளைக்கு நீ தலையாட்டினால், சவுலுக்குப் பக்கத்தில் போய் நிற்பாய். இப்போது அங்கே நிற்கவில்லை.

ஒப்புக்கொடுப்பது என்றாலே நாம் எல்லோரும், சிலுவைக்கு முந்தின இரவு இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்துக்குத்தான் போகிறோம். அங்கே இயேசு எடுத்த எடுப்பில் "உமது சித்தம்" என்று முடித்துவிடவில்லை. கூடுமானால் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று வாய்விட்டுக் கேட்கிறார். மூன்று தடவை ஜெபிக்கிறார். மத்தேயு 26-ல் முதல் ஜெபத்தையும் இரண்டாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், வார்த்தையே மாறியிருக்கும். தன் விருப்பம் இன்னது என்று பிதாவிடம் சொன்ன பிறகுதான் அதை விட்டுக்கொடுக்கிறார். இன்னொன்று. பிதாவின் சித்தம் இதுதான் என்று நடுவில் நின்று அவருக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை. கூட்டிக்கொண்டு போன மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்!

கல்யாண விஷயம் என்பதால் ஆதியாகமம் 24-க்கு வருகிறேன். எஜமானின் மகன் ஈசாக்குக்குப் பெண் தேடிப்போன ஆபிரகாமின் ஊழியக்காரன் கிணற்றடியில் அடையாளம் கேட்டு ஜெபிக்கிறான், கேட்டபடியே நடக்கிறது. பெண்ணின் அண்ணன் லாபானும் அப்பா பெத்துவேலும் "இது கர்த்தரால் வந்த காரியம்" என்று ஒத்துக்கொள்கிறார்கள். உங்கள் பாஸ்டருக்குக் கிடைத்ததைவிட இது தெளிவான வெளிப்பாடு இல்லையா? அப்புறமும், பெண்ணைக் கூப்பிட்டு அவள் வாயிலிருந்தே கேட்போம் என்கிறார்கள். ரெபெக்காள் "போகிறேன்" என்கிறாள். உடனே புறப்படுகிறாயா, பத்து நாள் கழித்தா என்பதுதான் அங்கே பேச்சு, மறைக்கவில்லை. ஆனால் அதற்கே அவளைக் கேட்டார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, தடை உண்டா என்று சபையையே கேட்பார்களே, அப்பாவுக்கு நினைவிருக்கும். கல்யாணத்தன்றும் மணப்பெண்ணைப் பார்த்துச் சம்மதம் கேட்காமல் எந்தப் போதகரும் தாலி கட்டவோ மோதிரம் மாற்றவோ விடமாட்டார். அன்றைக்குக் கேட்கலாம், இன்றைக்குக் கேட்கக் கூடாது என்றால் என்ன நியாயம்?

சரி, உன்னையும் ஒன்று கேட்க வேண்டும், கோபப்படாதே. மூன்று வெள்ளி உபவாசத்திலும் "என் மனதை மாற்றும்" என்றுதான் கேட்டிருக்கிறாய். "ஆண்டவரே, இது வேண்டுமா வேண்டாமா?" என்று ஒருமுறையாவது கேட்டாயா? பாஸ்டர் எழுதிவைத்த விடைக்கு ஆண்டவரிடம் கையெழுத்து மட்டும் கேட்டிருக்கிறாய். அதுபோலவே, மனம் ஒட்டாததற்குக் காரணம் வேறு யாராவது என்றால், அதையும் மறைக்காமல் அவர் முன் வை. பாஸ்டரிடம் "இல்லை" என்று சொல்வது உனக்குச் சுலபமாகக்கூட இருக்கலாம். ஆண்டவர் வேறு எதையாவது கேட்டால் கொடுப்பாயா என்பதுதான் கஷ்டமான இடம். அதற்கு நான் பதில் சொல்ல முடியாது.

முதலில் அப்பாவிடம் பேசு, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அவரை அழுத்துவது நன்றிக்கடன் என்று நினைக்கிறேன். ஃபீஸ் கட்டியது பெரிய உதவி. மாதாமாதம் கொஞ்சம் சேர்த்து, சபையில் படிக்கிற இன்னொரு பிள்ளைக்கு நீ ஃபீஸ் கட்டு. அந்தக் கடனைக் கழுத்தை நீட்டித் தீர்க்க வேண்டியதில்லை. அப்புறம் இருவரோடும் போய்ப் பாஸ்டரைப் பார். வாக்குவாதம் வேண்டாம், சவுல் கதையையும் எடுக்காதே (அது உனக்காகச் சொன்னது). "ஐயா, உங்களுக்குக் காட்டியதைக் கர்த்தர் எனக்கும் காட்டட்டும், அதுவரை சம்மதம் சொல்ல முடியாது" என்று சொன்னால் போதும். அதற்கும் சாபம், தண்டனை என்று பயமுறுத்தினாலோ, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் உன்னைக் குத்திப் பேசினாலோ, வேறு சபைக்குப் போவதில் குற்றம் ஒன்றுமில்லை.

அம்பர்நாத் தம்பியை மட்டும் காக்க வைக்காதே. அவரிடமும் "இவள்தான் உனக்கு" என்று வெளிப்பாடு சொல்லியிருப்பார்கள், பாவம். இந்த வாரமே நீயே போன் செய்து சொல்லிவிடு.