ஜெப விண்ணப்பம் வட்ஸ்அப்பில் போனது

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 36. ஊர் மட்டக்களப்பு. மகளின் படிப்புக்காகக் கொழும்புக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. கணவர் கட்டாரில், டோஹாவில் வேலை செய்கிறார். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் எட்டு வயது மகளும் மட்டும்தான்.

ஊரில் ஆராதனை முடிந்தால் வாசலில் அரை மணித்தியாலம் கதைக்காமல் ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டோம். இங்கே முந்நூறு பேர் வருகிறார்கள், கடைசிப் பாட்டு முடிவதற்குள் பாதிப் பேர் வாகனம் எடுக்கப் போய்விடுகிறார்கள். ஒன்றரை வருடத்தில் என் பெயரைக் கேட்டவர், கேற்றில் நின்று பையைத் திறந்து பார்க்கும் ஐயா ஒருவர்தான். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த அந்தச் சோதனையால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை.

ஒருநாள் ஒரு அன்ரி கையைப் பிடித்து, "பிள்ளை, தனியத்தானே இருக்கிறீர், புதன்கிழமை எங்கட வீட்டுக் கூட்டத்துக்கு வாரும்" என்றா. மகளை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போனேன். பத்துப் பேர் இருந்தோம். ஒரு பாட்டு, வேதப்பகுதி, கொஞ்சம் கேள்வி, ஜெபம், அப்புறம் பிளேன்ரியும் கட்லட்டும். முறை வைத்து வாசித்தோம். எனக்கு வந்தது அப்போஸ்தலர் 20: பவுல் நெடுநேரம் பேச, ஜன்னலில் இருந்த ஐத்திகு என்ற வாலிபன் நித்திரையாகி 'மூன்றாம் மெத்தையிலிருந்து' விழுகிற இடம். "மெத்தையில இருந்து விழுந்தா ஏன் செத்துப்போறான்?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெத்தை என்றால் பழைய தமிழில் மாடி என்று ஒரு அங்கிள் சொல்லித் தந்தார். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். கொழும்புக்கு வந்த பிறகு அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மூன்றாவது புதன் ஜெப விண்ணப்பம் கேட்டார்கள். இவருக்கு நாலு மாதமாகச் சம்பளம் இல்லை, என் நகைகள் அடகில் இருக்கின்றன, தெரிந்த ஒருவரிடம் வட்டிக்கும் வாங்கியிருக்கிறேன் என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். தோளில் கை வைத்து ஜெபித்தார்கள். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சபையின் வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: 'டோஹாவில் கணவருக்குச் சம்பளமில்லாமல், நகைகளை அடகு வைத்துத் தவிக்கும் ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள்.' பெயர் போடவில்லை. ஆனால் எங்கள் சபையில் டோஹாவில் கணவன் இருக்கிற சகோதரி எத்தனை பேர்? ஞாயிறு பாடசாலை வாசலில் முன்பின் தெரியாத ஒரு பெண், "கவலைப்படாதேங்கோ, கர்த்தர் கடனெல்லாம் தீர்ப்பார்" என்றா. மகள் பக்கத்தில் நின்றாள். வீட்டுக்கு வரும் வழியில், "அம்மா, எங்களுக்குக் கடனா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

ஐந்து புதன் போகவில்லை. அன்ரி இரண்டு தரம் எடுத்தா, நான் போனைத் தூக்கவில்லை. இவர், "வீட்டுக் கதையை ஏன் வெளியில் சொன்னாய்?" என்று கோபப்படுகிறார். ஆனால் புதன் பின்னேரம் ஆறு மணியானால் மனம் அங்கேதான் போகிறது. போகவா, விடவா? உண்மையைச் சொன்னால், நான் வேதம் படிக்கப் போனதைவிட ஆட்களுக்காகப் போனதுதான் கூட. அது பிழையா?

பெயர் வேண்டாம்,
வெள்ளவத்தை

*

அன்புத் தங்கைக்கு,

முதலில் மகளைப் பார்ப்போம். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பதில் கிடைக்காவிட்டால், இருப்பதைவிடப் பெரிய கடனை அவளே கற்பனை செய்துகொள்வாள். "ஓம், கொஞ்சக் காசு திருப்பிக் கொடுக்க இருக்கு. அதை அப்பாவும் அம்மாவும் பார்த்துக்கொள்ளுறம். உன்னிடம் ஆரும் கேட்டால், அம்மாவைக் கேளுங்கோ என்று சொல்லு" என்று இன்றைக்கே சொல்லுங்கள். அவ்வளவு போதும்.

நடந்தது பிழைதான். பெயர் போடாததால் ஒருவரின் இரகசியம் காப்பாற்றப்பட்டுவிடாது. வெளிநாட்டில் வேலை செய்யும் குடும்பத்தவர்களுக்காக ஜெபியுங்கள் என்று ஒரு வரி போட்டிருந்தால் கர்த்தருக்கு விளங்காதா என்ன? நகையும் அடகும் அவருக்காக எழுதப்பட்டவை அல்ல. எங்கள் சபைகளில் வம்பு சிலவேளை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் வரும். அதே நேரம், அனுப்பியவர் உங்களுக்கு உதவி செய்வதாகவே நினைத்திருப்பார். அவர் பிழை செய்ததும் உண்மை, நல்லெண்ணத்தோடு செய்திருப்பார் என்பதும் உண்மை. கோபத்தில் இரண்டாவதை மறந்துவிட வேண்டாம்.

இந்தச் சிக்கல் புதிது அல்ல. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்தம் என்ற கிறிஸ்தவப் பிரிவைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் ஆட்கள் கட்டடக் கடன் அடைக்க, பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவரை வைத்து வாரம் ஒரு பென்னி சேர்த்தார்கள். காசு வாங்கப் போன தலைவர்கள் வீடுகளின் நிலைமையையும் கண்டார்கள். அதிலிருந்துதான் மெதடிஸ்தரின் வகுப்புக் கூட்டம் பிறந்தது. 1814இல் மெதடிஸ்த மிஷனரிகள் இலங்கைக்கு வந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. என் தாத்தா கடைசிவரை 'கிளாஸ் மீற்றிங்' என்றுதான் சொல்வார். நான் சொல்ல வந்தது இன்னொன்று. வெஸ்லி அதைவிடச் சிறிய குழுக்களையும் வைத்திருந்தார்: ஆண்களுக்கு வேறு, பெண்களுக்கு வேறு, மணமானவர்களுக்கு வேறு. மனதைத் திறந்து அறிக்கையிடுவது அங்கேதான். பன்னிரண்டு பேர் தாங்கும் கதை வேறு, நாலு பேர் தாங்கும் கதை வேறு என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

நீங்கள் நாலு பேருக்குரியதைப் பத்துப் பேர் நடுவில் வைத்துவிட்டீர்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் ஒருவரோடும் மனம்விட்டுக் கதைக்காதவருக்குத் தோளில் ஒரு கை பட்டால் வாய் தானாகத் திறக்கும்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹோல் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்த ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணித்தியாலமும், நெருங்கிய நண்பராக 200க்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று கண்டார். அதுவும், சேர்ந்து வேலை செய்யும் நேரத்தைவிட சும்மா இருந்து கதைக்கும் நேரத்துக்கே பலன் கூட. உங்கள் புதன் கூட்டம் இரண்டு மணித்தியாலம் என்று வைத்தால், நீங்கள் இருந்தது ஆறு மணித்தியாலம். ஐம்பதுக்கு இன்னும் 22 புதன் வேண்டும். பிளேன்ரிக்கு நில்லாமல் ஓடினால் அதைவிடக் கூட. பாருங்கள், அந்த மூன்று நாளிலும் உங்களை அவர்களோடு உண்மையில் சேர்த்தது கண்ணீர் அல்ல, மெத்தைதான்.

ஆட்களுக்காகப் போவது பிழையா என்று கேட்டீர்கள். ஆதிச் சபை வீடுகள்தோறும் அப்பம் பிட்டு மகிழ்ச்சியோடு சாப்பிட்டது என்று அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. கட்லட்டுக்கு அதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

ஆகவே போங்கள். ஆனால் அதற்கு முதல் அன்ரியைத் தனியாகச் சந்தியுங்கள். போனில் வேண்டாம், போனில் அழுகை முந்திவிடும். "அன்ரி, நான் புதன் சொன்னது வெள்ளி வட்ஸ்அப்பில் வந்தது. மகளுக்கு முன்னால் ஒரு ஆள் கேட்டவ. எனக்குச் சரியாக நொந்துபோச்சு. இந்த அறையில் கதைக்கிறது இந்த அறையோடு இருக்கும் என்று எல்லாருக்கும் சொல்லுவீங்களா?" இவ்வளவுதான். யார் அனுப்பினார் என்று துப்பறிய வேண்டாம். அவ முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டு அடுத்த புதன் எல்லோருக்கும் சொன்னால், அது இருக்கத் தகுந்த இடம். "ஜெபத்துக்குத்தானே போட்டது, இதில் என்ன?" என்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். கொழும்பில் வேறு கூட்டங்கள் இல்லாமல் இல்லை. திரும்பப் போனால், சில மாதத்துக்கு ஜெப விண்ணப்பமாக மகளின் பரீட்சையையும் உங்கள் முதுகுவலியையும் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டாலும் பரவாயில்லை. கட்டாயப்படுத்திச் சொல்ல வைக்கும் கூட்டமும், காசு கேட்கும் கூட்டமும் வேண்டாம்.

கணவரின் கோபத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சம்பளம் வராத கதை அவருடையதும்தான், அவரைக் கேட்காமல் வெளியே போனது. அந்தப் பகுதிக்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள், ஆட்களைத் தேடியதற்குக் கேட்க வேண்டாம். நாலு மாதச் சம்பளத்தை ஜெபக் குழு வாங்கித் தராது. கட்டாரில் 2015இலிருந்து சம்பளத்தை வங்கி மூலம் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அவர் அங்குள்ள தொழில் அமைச்சில் முறையிடலாம், இலங்கைத் தூதரகத்திடமும் உதவி கேட்கலாம். பதிவு செய்து போனவர் என்றால், பத்தரமுல்லையில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு நீங்களும் போய் எழுதிக் கொடுக்கலாம். வட்டிக் கடன் நீளமுன் இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று. கடிதத்தில் ஓரிடத்தில், மகளை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுப் போனதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு அவவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூன்று புதன், போக வர நேரத்தையும் சேர்த்தால் ஏழெட்டு மணித்தியாலம், உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறா. அவவை எப்போதாவது பிளேன்ரி குடிக்க வரச் சொன்னீர்களா?