அப்பாவின் கையெழுத்தைப் பச்சை குத்தலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 22 வயது. போன வருடம் அப்பா இறந்துவிட்டார். என்னுடைய பழைய தேர்ச்சி அறிக்கையில் அவர் தமிழில் போட்ட கையெழுத்து இருக்கிறது, அதை அப்படியே மணிக்கட்டில் பச்சை குத்த ஆசை. அடுத்த மாதம் ஆண்டுத் திவசம், அதற்கு முதல் குத்திவிட வேண்டும். நண்பியின் அண்ணா ஒருவர் மெஷின் வாங்கி வீட்டிலேயே குத்துகிறார், காசும் குறைவு. அம்மா இந்தப் பேச்சை எடுத்தாலே அழுகிறார். என்னென்ன பார்க்க வேண்டும்?
– பெயர் வேண்டாம், உப்புவெளி

பதில்: தங்கச்சி, ஆசையில் பிழையே இல்லை. ஆனால் திவசத்துக்கு முதல் வேண்டாம். குத்திய இடம் ஒரு புண். மேல் தோல் ஆறவே இரண்டு மூன்று கிழமை எடுக்கும், அதுவரை கடலிலோ கிணற்றுத் தொட்டியிலோ ஊறக்கூடாது, வெயில் படக்கூடாது. திவசத்தன்று கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய் ஏழு கிணற்றிலும் அள்ளிக் குளிக்கிற குடும்பம் என்றால் கையை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டா நிற்பீர்கள்? திவசம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.

அடுத்தது அந்த அண்ணா. அவர் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும், நான் கேட்பது ஊசியைப் பற்றி. மேல் தோல் உதிர்ந்து உதிர்ந்து புதிதாகிவிடும் என்பதால் மையை அதற்குக் கீழே, ஒன்றிரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில் இறக்குகிறார்கள். அங்கே உடம்பின் காவல் செல்கள் மையை விழுங்கி வைத்துக்கொள்ளும், அவை செத்தால் அடுத்து வருகிறவை வாங்கி வைத்துக்கொள்ளும், அதனால்தான் அழியாமல் நிற்கிறது. அவ்வளவு ஆழம் போகிற ஊசி இன்னொருவருக்குக் குத்தியதாக இருந்தால் ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகள், எச்.ஐ.வி எதுவும் கூடவே இறங்கலாம். சி வகைக்கு இன்றுவரை தடுப்பூசி கிடையாது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

எங்கே குத்தினாலும் ஊசிப் பொதியை உங்கள் கண் முன்னால் கிழிக்க வேண்டும், அதில் அச்சடித்த காலாவதித் திகதியை நீங்களே வாசிக்க வேண்டும். மையைப் பெரிய போத்தலில் இருந்து விரல் நுனி அளவு சின்னக் கிண்ணத்தில் ஊற்றுவார்கள். முடிந்ததும் மிச்சத்தை எறிய வேண்டும், திரும்பப் போத்தலுக்குள் ஊற்றினால் போத்தலே கெட்டது. மையின் லேபலையும் கேட்டுப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் இருந்து டாட்டூ மைகளில் ஆயிரக்கணக்கான இரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, பெயரில்லாத போத்தலில் என்ன இருக்கிறது என்று யார் சொல்வது?

உங்கள் தோலையும் பாருங்கள். காது குத்திய இடமோ தோளில் பி.சி.ஜி ஊசித் தழும்போ தடித்துப் புடைத்திருந்தால் இதுவும் அப்படித் தடிக்கலாம். சீனி வருத்தம் இருந்தால் டொக்டரிடம் கேட்காமல் போகவே கூடாது.

இனி அந்தக் கையெழுத்து. சின்னதாகக் குத்தினால் வருடம் போகப் போக மை கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும், ண, ஞ, ழ போன்ற எழுத்துகளின் சுழி அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். அதனால் மூலத்தைவிடப் பெரிதாகப் போடுங்கள், மணிக்கட்டைவிட முன்கை நல்லது. கணினியில் திரும்பத் தட்டச்சு செய்ய விடாதீர்கள், சில மென்பொருளில் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகச் சிதறும், தமிழ் வாசிக்கத் தெரியாதவர் அதையே குத்திவிடுவார். ஸ்கேன் எடுத்த படத்தில் இருந்தே தோலில் படி எடுக்கச் சொல்லுங்கள், ஊசி படுவதற்கு முதல் ஒவ்வொரு புள்ளியையும் எண்ணுங்கள். பிறகு லேசரில் எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அது பல தடவை, இடைவெளி விட்டு விட்டு, நிறையச் செலவோடு நடப்பது, நம்முடைய நிறத் தோலில் வெள்ளைத் திட்டு விழவும் இடமுண்டு.

அம்மாவிடம் பச்சையைப் பற்றிப் பேசாமல் அந்த அறிக்கையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் அந்தக் கையெழுத்தைப் பார்த்து எத்தனை நாளோ.

கேள்வி: நிலாவெளிக் கடற்கரையில் மகளுக்கு ஒரு ‘கறுப்பு மெஹந்தி’ போட்டோம், ஒன்பது வயது. நாலாம் நாள் படம் இருந்த அதே வடிவில் கொப்புளம். மருதோன்றி ஒத்துக்கொள்ளாதா?
– ஒரு தாய், திருகோணமலை

பதில்: அது வெறும் மருதோன்றியாக இருக்காது அம்மா. மருதோன்றி செம்மண் நிறம்தான் பிடிக்கும், அதுவும் மணிக்கணக்கில் வைத்தால். உடனே கறுப்பது பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்தில் போடுகிற பிபிடி என்ற இரசாயனத்தால். கொப்புளத்தை உடைக்காமல், மஞ்சள் எதுவும் பூசாமல் தோல் டொக்டரிடம் காட்டுங்கள். இந்த ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க நிற்கும், பெரிய பிள்ளையாகி டை அடிக்கப் போனால் முகமே வீங்கலாம், ஆகவே கிளினிக் கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கடற்கரைக்கு வருகிற பிள்ளைகள் எல்லோரும் கை நீட்டுகிறார்கள், மனம் பதறுகிறது.

கேள்வி: டாட்டூ குத்தினால் இனி இரத்தம் கொடுக்கவே முடியாதா?
– கிண்ணியா வாசகர்

பதில்: முடியும், ஆனால் குத்திய கையோடு முடியாது, பல மாதம் காத்திருக்க வேண்டும். கிருமி புகுந்த ஆரம்ப நாட்களில் பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம் என்பதுதான் காரணம். எவ்வளவு காலம் என்று இரத்த வங்கியில் சொல்வார்கள், படிவத்தில் குத்திய திகதியை மறைக்காமல் எழுதுங்கள்.