புதுசு என்று விற்ற பழைய கேம்ஷாஃப்ட்: விற்றவர் கைவிரிக்க முடியுமா?

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் வசிக்கிறேன். 1954 செவர்லே 3100 பிக்கப் ஒன்றைச் சீரமைத்து வருகிறேன். எஞ்சின் 235 கன அங்குல இன்லைன் சிக்ஸ். முதல் கார்வெட்டில் வந்த ஹை லிஃப்ட் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), அதன்மேல் அமர்ந்து அசையும் டேப்பட்டுகள், இரட்டை வால்வு ஸ்பிரிங்குகள் மூன்றையும், ‘பழைய ஸ்டாக், எஞ்சினில் ஏறாதவை’ என்று ஆன்லைனில் விளம்பரம் செய்திருந்த டெக்சஸ் வியாபாரியிடம் 1,400 டாலருக்கு வாங்கினேன். முதல் ஓட்டத்திலேயே கேம்ஷாஃப்ட்டின் இரண்டு லோப் (டேப்பட்டைத் தூக்கும் மேடு) தேய்ந்து, இரும்புத் தூள் பேரிங் வரை போய்விட்டது. சரிசெய்ய 5,200 டாலர் ஆகுமாம். கேம் புதுசல்ல, ஏற்கெனவே ஓடி மறுபடி கிரைண்ட் செய்து புதுப்பிக்கப்பட்டது என்கிறார் மெஷின் ஷாப்காரர். விற்றவரோ, ‘உள்ளது உள்ளபடி விற்பனை என்று ரசீதில் இருக்கிறது, நீங்கள் ஊற்றிய ஆயில்தான் காரணம்’ என்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் அதற்கு முன் ஒன்று: கழற்றிய எந்தப் பாகத்தையும் தூக்கிப் போடாதீர்கள், பழைய ஆயில், ஃபில்டர் உட்பட. உங்கள் வழக்கே அவற்றில்தான் இருக்கிறது.

‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகம், சட்டம் தானாகத் தரும் தர உத்தரவாதத்தை நீக்கும். விற்பவர் தன் வாயால் சொன்ன வர்ணனையை அது அழிக்காது. ‘எஞ்சினில் ஏறாதது’ என்று விளம்பரத்தில் எழுதியது, டெக்சஸ் வணிகச் சட்டம் 2.313-ன்படி நேரடி உத்தரவாதம். ரசீதில் ‘முந்தைய பேச்சு எதுவும் செல்லாது’ என்ற மாதிரி வரி இருந்தால் இந்த வாதம் பலவீனப்படும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படி இருந்தாலும் வழி அடைபடவில்லை. பயன்படுத்திய அல்லது புதுப்பித்த பொருளைப் புதுசு என்று காட்டுவதை டெக்சஸ் நுகர்வோர் சட்டமான டி.டி.பி.ஏ.வின் 17.46(பி)(6) நேரடியாகத் தடுக்கிறது. பொய் சொல்லி வாங்க வைத்திருந்தால் ‘உள்ளது உள்ளபடி’ வரி காப்பாற்றாது என்று டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 1995-ல் சொல்லியிருக்கிறது. தெரிந்தே செய்தார் என்று நிரூபித்தால் பொருளாதார இழப்பின் மூன்று மடங்கு வரை கேட்கலாம்.

ஆயில் விஷயத்துக்கு வருவோம். அது வெற்று வாதம் அல்ல. இந்த வகை தட்டை டேப்பட் கேமுக்குத் துத்தநாகச் சேர்க்கை போதுமான அளவு உள்ள ஆயில் வேண்டும். இரட்டை ஸ்பிரிங் போட்டு முதல் ஓட்டம் விட்டால் லோப்பின் மேல் சுமையும் கூடும். பல மெக்கானிக்குகள் உள் ஸ்பிரிங்கை அப்போது கழற்றி வைப்பார்கள். ஆகவே கோரிக்கையை இரண்டாகப் பிரியுங்கள். புதுசுக்குக் கொடுத்த விலைக்கும் கைக்கு வந்த பொருளின் மதிப்புக்கும் உள்ள வித்தியாசம், எந்த ஆயில் ஊற்றியிருந்தாலும் உங்களுக்குச் சேர வேண்டியது. எஞ்சின் சேதமான 5,200 டாலருக்குத்தான் காரணத்தை நிரூபிக்க வேண்டும்.

அதற்கு மெஷின் ஷாப்காரர் எழுதித் தரும் அறிக்கை தேவை. தேயாத லோப்களின் அடிவட்டம் (மேடில்லாத வட்டப் பகுதி, மறுபடி கிரைண்ட் செய்தால் சிறுத்துவிடும்) எத்தனை அங்குலம், டேப்பட்டின் முகம் எப்படி இருக்கிறது என்று அளவோடு வேண்டும். தட்டை டேப்பட் என்று பெயர் இருந்தாலும், புதிதாக இருக்கும்போது அதன் முகம் லேசாகக் குவிந்திருக்கும். இரண்டை முகத்தோடு முகம் வைத்தால் ஆடும். ஓடியது தட்டையாகவோ குழிந்தோ போயிருக்கும். பொருத்தாமல் மீதமிருக்கும் உதிரி டேப்பட் ஏதேனும் இருந்தால் அதுதான் தங்கம், ஏனென்றால் உங்கள் எஞ்சின் அதைத் தொடவே இல்லை.

இங்கே ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பாகங்கள் புதுசல்ல என்பதைப் பொருத்துவதற்கு முன்பே யாராவது கண்டார்களா? கண்டும் பொருத்தியிருந்தால் எஞ்சின் செலவு கிடைப்பது கடினம். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான்.

சரி, நடைமுறை. குறை தெரிந்த உடனேயே விற்றவருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும், தாமதித்தால் உரிமையே போகலாம். டி.டி.பி.ஏ. வழக்குக்கு 60 நாள் முன்னறிவிப்பு வேண்டும். புகாரையும் கேட்கும் தொகையையும் விவரமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்த நாட்களில் அவர் பாகங்களைப் பார்க்கக் கேட்டால் மறுக்க வேண்டாம், ஆனால் உங்கள் மெஷின் ஷாப்பிலேயே வந்து பார்க்கட்டும். விளம்பரம் மறைவதற்குள் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். குறுஞ்செய்திகளையும் அழிக்காதீர்கள்.

தொகை 20,000 டாலருக்குள் இருப்பதால் சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டிலேயே முடிக்கலாம், வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். விற்றவர் வசிக்கும் கவுன்டியில், அவருக்குரிய பிரிசிங்ட்டில் (கவுன்டியின் உட்பிரிவு) தாக்கல் செய்தால் இடம் குறித்த ஆட்சேபம் எழாது. டி.டி.பி.ஏ.வுக்குக் கெடு பொதுவாக இரண்டு ஆண்டு, உத்தரவாத மீறலுக்கு நான்கு. மூன்று மடங்கு கேட்கப் போகிறீர்கள் என்றால் மட்டும், ரசீதையும் விளம்பரத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளூர் நுகர்வோர் வக்கீல் ஒருவரை முதலில் பாருங்கள்.