மகள் டீஜே ஆகப் போகிறாளாம்: திருகோணமலைத் தகப்பன் ஒருவருக்கு

ஐயா, வணக்கம்.

உங்கள் மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, டீஜே ஆகப் போகிறேன், வானொலியிலும் நிகழ்ச்சி செய்யப் போகிறேன் என்று நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். "பொம்பிளைப் பிள்ளைக்கு இது ஒரு தொழிலா, சனம் என்ன சொல்லும்" என்றும் கேட்டிருக்கிறீர்கள். சனத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். பிள்ளை இரண்டு தொழில்களைச் சேர்த்துக் கேட்கிறாள். முதலில் அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

டீஜே வேலையில் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு தொகை. நிகழ்ச்சி இல்லாத கிழமையில் காசும் இல்லை. அறிவிப்பாளர் வேலை நிறுவன வேலை. தொடக்கத்தில் பகுதிநேரமாகவோ பயிலுநராகவோ எடுத்தாலும், நிரந்தரமானால் மாதச் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி எல்லாம் வரும். ஆகவே வானொலியை முதல் தொழிலாக வைத்துப் படிக்கட்டும், டீஜே வேலையைப் பக்கத்தில் வளர்க்கட்டும் என்பதுதான் என் ஆலோசனை. தடுத்து வைக்க வேண்டாம்.

இதற்கு முதல் காரணம் நம் ஊர் வருமானம் வரும் விதம். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்களுக்கு வெளிநாட்டுக்காரர் வருவது பெரும்பாலும் ஏப்ரல், மே தொடங்கி செப்டெம்பர் வரைதான். கடற்கரை விருந்துகளுக்கு டீஜே கேட்பதும் அப்போதுதான். வடகீழ்ப் பருவமழை இறங்கிவிட்டால் கடல் குழம்பும், அறைகள் காலியாகும். மற்ற வருமானம் கலியாணம், பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு. தமிழ்க் கலியாணம் ஆடியிலும் மார்கழியிலும் இல்லை. ஆடியை ஹோட்டல் சீசன் தாங்கிவிடும். மார்கழியில் மழையும் சேர்ந்துகொள்ளும்; நத்தார், டிசம்பர் 31 இரவு என்று ஒன்றிரண்டைத் தவிர கையில் ஒன்றும் இராது. இதோடு போயா எனும் பௌர்ணமி தினங்களில் மதுவிற்பனை இல்லாததால் ஹோட்டல் விருந்துகளும் குறைவு. சிங்கள வீட்டு வைபவங்களுக்கும் போய் அவர்களுடைய பாட்டுகளை அறிந்து வாசிக்கக் கூடியவருக்கு இங்கே வேலை கூடுதலாகக் கிடைக்கும். அதற்குப் பிள்ளைக்குச் சிங்களம் வர வேண்டும். பேசத் தெரிந்தால் போதாது, மேடையில் ஒலிவாங்கி பிடித்து அறிவிக்கும் அளவுக்கு வர வேண்டும். மூன்று மொழியும் புழங்கும் ஊரில் பிறந்தது அவளுக்கு நல்வாய்ப்பு.

இந்த இரண்டு வேலைகளையும் சேர்த்துச் செய்து உயர்ந்தவர்கள் இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள். பிரிட்டனில் பீட் டொங் என்பவர் 1991 முதல் பி.பி.சி. ரேடியோ 1இல் நடன இசை நிகழ்ச்சி நடத்தியவர். அதற்கு முன்பே இசைச் சஞ்சிகையில் எழுதினார், இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். அனி மெக் என்ற அயர்லாந்துப் பெண் பெல்பாஸ்ற்றில் ஆங்கில இலக்கியம் படித்தவர். வானொலியில் தயாரிப்புப் பக்கத்து உதவி வேலையிலிருந்து தொடங்கி, 2004இல் அதே ரேடியோ 1இல் சொந்த நிகழ்ச்சி பெற்று, 2021 வரை நடத்தினார். உலக மேடைகளில் டீஜேயாகவும் வாசித்தார். இருவருமே இசை சம்பந்தமான இன்னொரு வேலையில் கால் ஊன்றிக்கொண்டுதான் மேலே வந்தார்கள் என்பதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். நம்மவரில் மயில்வாகனன், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீது ஆகியோரின் குரலுக்காகத் தமிழ்நாட்டிலேயே இலங்கை வானொலியைத் திருப்பிக் கேட்டார்கள். உச்சரிப்பும் மொழியறிவும்தான் அந்தக் குரல்களின் பலம். டீஜே கருவியில் கைதேர்ந்தவர்கள் நிறையப் பேர் வருவார்கள், நல்ல தமிழில் தடுமாறாமல் பேசுகிறவர்கள் குறைவு.

வேலையின் நுட்பத்தில் ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன், இது விளையாட்டுத்தனமான தொழில் இல்லை என்பது உங்களுக்கே புரியும். விருந்துகளில் போடும் ஹவுஸ் என்ற நடன இசை பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 130 தாள அடிகள் வரை ஓடும். 128 என்று வைத்துக்கொண்டால், 32 அடிகளுக்குச் சரியாக 15 வினாடி. இந்த இசையில் மாற்றங்கள் அநேகமாக எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு அடிக் கட்டங்களாகத்தான் வரும். அடுத்த பாட்டை டீஜே அந்தக் கட்டத்தின் தொடக்கத்தில் ஏற்ற வேண்டும். அறிவிப்பாளரோ அந்த 15 வினாடிக்குள் பேசி முடித்து, பாடகரின் குரல் எழுவதற்கு முன்னால் வாயை மூட வேண்டும். இரண்டுக்கும் தேவை ஒரே காதும் ஒரே நேரக் கணக்கும்தான். அதனால்தான் பிள்ளை இரண்டையும் சேர்த்து ஆசைப்படுவதை நான் குழப்பமாகப் பார்க்கவில்லை.

படிப்புக்குத் தூரம் போக வேண்டியதில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது, அங்கே தொடர்பாடல் கற்கை உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை இருக்கிறது. ஒலித் தொழில்நுட்பத்தில் விருப்பம் என்றால் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் தரும் பயிற்சிகளைப் பாருங்கள். ஒலிபரப்பில் கருவி பார்க்கும் வேலையும் மரியாதையான வேலைதான். ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி பல வருடம் நம் திருகோணமலையிலிருந்து ஆசிய நாடுகளுக்கு மறு ஒலிபரப்புச் செய்தது உங்களுக்கும் நினைவிருக்கும். ஆனால் தனியார் தமிழ் வானொலிகளின் பெரிய கலையகங்கள் கொழும்பில். ஒரு கட்டத்தில் பிள்ளை அங்கே தங்கி வேலை பார்க்க வேண்டி வரும். அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்யுங்கள்.

காதைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணிநேரம் இருப்பதைத்தான் தொழில்முறைப் பாதுகாப்பு எல்லையாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். கணக்குப் பார்த்தால் 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். விருந்து மேடையில் நிற்பவள் மணிக்கணக்கில் நிற்பாள். காதில் இரைச்சல் வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டால் வானொலியும் போகும், டீஜே வேலையும் போகும். இசைக்கலைஞருக்கென்று வரும் காதடைப்பான்களை வாங்கிக் கொடுங்கள், கருவி வாங்குவதற்கு முதல் அதை வாங்குங்கள்.

இப்போது சனத்துக்கு வருகிறேன். இரவு வேலை, குடிக்கிற கூட்டம் என்று நீங்கள் பயப்படுவது நியாயமான பயம்தான். பொது இடத்து ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கட்டுப்பாடு இருக்கிறது, 2007இல் உயர் நீதிமன்றம் விதித்தது. ஆனாலும் ஹோட்டலுக்குள் நடக்கும் விருந்துகள் நீளும். ஆகவே வீட்டில் சில விதிகளைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள்: முற்பணமும் முடிக்கும் நேரமும் எழுத்தில் இல்லாமல் நிகழ்ச்சி ஒப்புக்கொள்வதில்லை, தனியாகப் போவதில்லை, திரும்பி வரும் வாகனம் முன்கூட்டியே ஒழுங்கு. இவை இருந்தால் அயலவருக்குப் பதில் சொல்வதும் உங்களுக்குச் சுலபம்.

கடன் பட்டுக் கருவி வாங்காதீர்கள். வீட்டுக் கணினியில் ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஒலிவாங்கி ஒன்றோடு கிழமைக்கு ஒரு அரைமணி நிகழ்ச்சி தயாரிக்கச் சொல்லுங்கள். பாட்டைத் தெரிவுசெய்வது, இடையில் பேசுவது, நேரத்துக்கு முடிப்பது எல்லாம் அவளே செய்யட்டும். இணையத்தில் ஏற்ற அவசரம் வேண்டாம். பாட்டுகளுக்குப் பதிப்புரிமை இருக்கிறது, அனுமதி இல்லாமல் ஏற்றினால் எடுத்துவிடுவார்கள். கோயில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று அறிவிப்பாளர் தேவைப்படும் இடத்துக்கெல்லாம் போகட்டும். மூன்று மாதம் ஒரு கிழமையும் விடாமல் செய்தாள் என்றால், ஆசை வெறும் ஆசை இல்லை என்று நானும் நம்புவேன்.

பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் என்னிடம் வாருங்கள், தெரிவுகளின் வரிசையைச் சேர்ந்து பார்ப்போம். பிள்ளை கிழமைதோறும் தயாரித்த நிகழ்ச்சிப் பதிவுகளில் கடைசி மூன்றையும் கொண்டு வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள், அவளோடு தனியாகவும் கொஞ்ச நேரம் பேச வேண்டும்.