580 மி.மீ. கிடார்: கேட்டவர்களுக்குப் பதில்

கையால் சின்ன கிடார் செய்கிறேன். நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் துண்டு) சாடில் வரை (உடல் மேல் கம்பியைத் தாங்கும் துண்டு) கம்பியின் நீளம் 580 மி.மீ.; பெரிய ஸ்டீல் கம்பி கிடாரில் அது 645 வாக்கில் இருக்கும். செய்து பார்க்க ஆசைப்பட்ட சிலர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

அண்ணா, பெரிய கிடாரின் பிளானை அப்படியே சுருக்கி வெட்டினால் போதாதா?

போதாது தம்பி. வெளிக்கோட்டைச் சுருக்கலாம், மற்றதெல்லாம் புதுக் கணக்கு. கம்பியின் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு மாறும். அதே கம்பியை அதே சுருதிக்கு 580-ல் கட்டினால் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கம்பி தொளதொளவென்று ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) அடிக்கும். அதனால் முதல் கம்பி 12 இருந்த இடத்தில் 13 போடுகிறேன் (கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). போன இழுவிசையில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். உடலின் மேல்பலகைக்கு இது நேர் எதிர். ஒரே தடிமனில் சின்னப் பலகைதான் அதிகம் விறைக்கும். பெரிய உடலில் 2.8 மி.மீ. தடிமன் விடுகிற ஸ்ப்ரூஸ் மரப் பலகையை இதில் 2.4 வரை இழைக்கிறேன்.

2.4 என்பதை நம்பி நிறுத்திவிடலாமா?

வேண்டாம். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகூட ஒன்றுபோல் இருக்காது. பலகையின் மேல்முனையிலிருந்து கால் பங்கு நீளம் தள்ளி, ஓரத்தை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துத் தொங்கவிடுங்கள். நடுவில் விரல் முட்டியால் தட்டுங்கள். தடிமனாக இருக்கும்போது ‘டக்’கென்று நின்றுவிடும். இழைக்க இழைக்கச் சுருதி இறங்கும், நாதம் நீளும். அப்புறம் இரு கையாலும் குறுக்கே மெல்ல வளைத்துப் பாருங்கள். முதல் தடவை வளைந்து கொடுக்கிற இடத்தில் நான் இழைப்புளியைக் கீழே வைத்துவிடுவேன். பாக்கி வேலை உப்புத்தாளுக்கு.

இந்த ஒரு பலகைக்கு நாள்கணக்கில் செலவழியுங்கள். ஸ்பெயினின் கிடார் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் 1862-ல் பின்பக்கத்தையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தில் போட்டு ஒரு கிடார் செய்தார். நாதம் எங்கே பிறக்கிறது என்று காட்டத்தான். அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பலா மரம் ஆகுமா ஐயா?

பின்பக்கத்துக்கும் பக்கங்களுக்கும் தாராளமாக ஆகும். தஞ்சாவூர் வீணையே பலாவில்தானே குடைகிறார்கள். மேல்பலகைக்கு மட்டும் வேண்டாம், கனம் அதிகம். மரத்தின் ஆண்டு வளையங்கள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்துத் தரச் சொல்லுங்கள்.

பக்கப்பலகை இடுப்பு வளைவில் ஒடிந்துகொண்டே இருக்கிறது.

சின்ன உடலில் அந்த வளைவு மிக நெருக்கம். பலகையின் தடிமனை 2 மி.மீ.க்குப் பதில் 1.8 ஆக்குங்கள். இரும்புக் குழாய் எவ்வளவு சூடு வேண்டும் என்றால், தெளித்த நீர்த்துளி உருண்டு துள்ள வேண்டும். நனைத்த பலகையை வெளிப்பக்கம் மெல்லிய தகரப் பட்டியால் தாங்கி, குழாயில் வைத்து ஆட்டிக்கொண்டே இருங்கள். ஒரு கணத்தில் மரம் கைக்குள் மெழுகாக இளகுவது தெரியும். அதற்கு முன்னால் பலம் காட்டினால் ஒடியும்.

ஃப்ரெட் இடங்களை எப்படிக் குறிப்பது?

ஒவ்வொன்றையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். முதல் ஃப்ரெட் 32.55 மி.மீ., ஐந்தாவது 145.49, ஏழாவது 192.90, பன்னிரண்டாவது 290. முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்தால் பிழை கூடிக்கொண்டே போகும்.

சாடிலை 580-லேயே வைக்காதீர்கள். என் முதல் கிடாரில் அப்படித்தான் ஒட்டினேன். திறந்த கம்பி சுத்தம். மேலே போகப் போகச் சுருதி ஏறியது. சூடான கத்தியைச் செருகி பிரிட்ஜை (சாடிலைத் தாங்கும் கட்டையை) பெயர்த்தபோது ஸ்ப்ரூஸ் நாரும் கூடவே வந்தது. இப்போது முதல் கம்பிக்கு 2 மி.மீ., ஆறாவதுக்கு 5 வரை பின்னால் தள்ளுகிறேன்.

சென்னையில் செய்த கிடார் ஏசி அறையில் விரிசல் விட்டது. ஏன்?

மழைக்காலத்தில் ஒட்டியிருப்பீர்கள். ஈரக்காற்றில் ஊதிய பலகை, காய்ந்ததும் அகலவாட்டில் சுருங்கும். உள்ளே குறுக்கே ஒட்டிய பிரேஸ் (பலகையைத் தாங்கும் மரச்சட்டம்) நீளவாட்டில் சுருங்காது. இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் பலகை பிளக்கும். ஈரப்பதம் 45 சதவீதம் வாக்கில் உள்ள அறையில் பலகையை வைத்து, தினமும் எடை போடுங்கள். எடை இறங்குவது நின்ற பிறகு அதே அறையில் பிரேஸ் ஒட்டுங்கள்.

இன்னும் குட்டையாக, 540-ல் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் சுருதியை மூன்று அரைச்சுரம் ஏற்றிக் கட்டுங்கள். 645 கிடாரில் மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் மிஞ்சும் நீளம் 542. ஏறக்குறைய அதே கம்பி நீளம்தான். டெர்ஸ் கிடார் என்று பழைய வியன்னாவில் வாசித்தது இப்படித்தான் கட்டப்பட்டிருந்தது. இத்தாலியக் கிடார் கலைஞர் மௌரோ ஜூலியானி தன் மூன்றாவது கன்சர்ட்டோவை (கிடாரும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் இசைப் படைப்பை) அதற்கென்றே எழுதினார். 540-ல் வழக்கமான, முதல் கம்பி 12 உள்ள செட்டே போதும்.